குடுவையும் காடும்

பேராதனையிலோ பிறிதொரு பல்கலைக்கழகத்திலோ விலங்கியல் நூதனசாலையைப் பார்வையிடுவோர் பெரும்பாலும் விலங்கின் உருவத்தையே நோக்குவர். குடுவையில் ஒட்டிய சீட்டை வாசிப்பதில்லை. ஆயின் ஆய்வுக்கு அச்சீட்டே உயிர்நாடி. எங்கே, எப்போது, எவரால் பெறப்பட்டது என்ற குறிப்பற்ற மாதிரி வெறும் உடலமே.

பன்விலவுக்கு அப்பால் உயரும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கே உரியது, மூக்கு நுனியில் இலைபோன்ற தசைநீட்சி கொண்ட ஓணான். 1861இல் குந்தர் என்னும் விலங்கியலறிஞர் அதற்குச் சூட்டிய பெயர், 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேசன் ரெனன்ற்றின் பெயராகும். அதில் ஆட்சியாளர் நிலைபெற்றார். மலையும் மலைமக்களும் இடம்பெறவில்லை. 2006இல் அம்மலைத்தொடரின் வேறோர் ஓணானுக்குத் 'தும்பர' என்ற நிலப்பெயர் வழங்கப்பட்டமை இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது.

எனினும் பெயரோடு பணி முடிவதில்லை. மதுசாரத்திலிட்ட உடல் வடிவத்தைப் பேணும், நிறத்தை இழக்கும். அது பற்றியிருந்த கிளையும், ஏலச் செய்கைக்காகக் கீழ்ச்செடிகள் அகற்றப்பட்ட காடும் குடுவைக்குள் அடங்கா. மாதிரியைக் கற்ற மாணவர் பன்விலவுக்கும் செல்லவேண்டும். தோட்டங்களில் உழைப்போர் அவ்வுயிரை அழைக்கும் பெயரைக் கேட்டுச் சீட்டில் எழுதவேண்டும். அதுகாறும் நூதனசாலை தரும் அறிவு பாதியறிவே.