கப்பலின் விதிகளும் கல்லாவும்

சிங்கப்பூர் போய் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் சொகுசுக் கப்பலில் சுற்றிவருவது தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டுகிற விஷயமாகிவிட்டது. 2022 ஜூனில் கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சென்னைத் துறைமுகத்திலிருந்தே கிளம்பியபின் இந்தப் பேச்சு இன்னும் பரவியது. டிக்கெட் விற்கிறவர் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லாம் சேர்த்துத்தான் சார்.” பணம் கட்டியபிறகு மின்னஞ்சலில் பக்கம் பக்கமாக விதிகள் வந்து சேரும். என்ன கொண்டுவரக் கூடாது, எத்தனை மணிக்குள் ஏற வேண்டும், எதற்குத் தனிக் கட்டணம், எதற்கெல்லாம் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காது.

பொறுமையாகப் படித்தால் இவை இரண்டு வேறு குடும்பங்களைச் சேர்ந்த விதிகள் என்பது தெரியவரும். ஒரு குடும்பம் விபத்துகளில் பிறந்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ செத்திருக்கிறார்கள். இன்னொன்று கல்லாப்பெட்டியில் பிறந்தது. இரண்டையும் ஒரே தாளில், ஒரே எழுத்தளவில், ஒரே கண்டிப்பான குரலில் அச்சடிக்கிறார்கள் என்பதுதான் என் குறை. இஸ்திரிப்பெட்டி கூடாது என்பதும் வெளியிலிருந்து மது பாட்டில் கூடாது என்பதும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. இரண்டாவது வியாபாரத்துக்காக என்று புரிந்துகொண்ட பயணி முதலாவதையும் அப்படியே நினைத்து, பெட்டிக்குள் துணிக்கு நடுவே இஸ்திரிப்பெட்டியை ஒளித்து வைக்கிறார்.

முதல் குடும்பத்துக்குரிய மரியாதையை முதலில் செய்துவிடலாம். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான் 1914இல் சோலாஸ் எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. இன்று நடைமுறையில் இருப்பது 1974ஆம் ஆண்டு வடிவம். ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் அதைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். பயணிகள் அலுத்துக்கொள்ளும் மஸ்டர் டிரில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்துச் சங்கு, ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும், கேட்டால் எந்தத் தளத்தில் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பதற்கான ஒத்திகை அது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதியபோது அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சில மணி நேரத்துக்கு முன்பு சிவிதவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 700 பேருக்கு ஒத்திகையே நடக்கவில்லை. அது விதிமீறலும் இல்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அன்றைய விதி சொன்னது. மின்கோளாறுதான், கேபினுக்குத் திரும்புங்கள் என்று அறிவிப்பு வந்தது. மோதி ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்தே கப்பலைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். 32 பேர் இறந்தார்கள். கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று சோலாஸில் எழுதப்பட்டு, 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

பால்கனியில் புகைக்காதே என்பதற்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2006 மார்ச்சில் ஜமைக்கா அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காமல் எறிந்த சிகரெட் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. பால்கனித் தடுப்புகளும் நாற்காலிகளும் பிளாஸ்டிக். தீ தளம் தளமாக ஏறியது. பால்கனிக்கான தீப்பாதுகாப்பு விதிகள் 2008இல் கட்டாயமாயின.

நம் ஊர்ப் பயணிகளுக்கு அதிகம் புரியாத விதி ஸ்பைக் பஸ்டர் தடைதான். குடும்பத்தில் நாலு போன், கேபினில் ஒரே பிளக். வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப்போவதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும். வீட்டு இணைப்பில் ஒரு கம்பியில்தான் மின்னழுத்தம். நியூட்ரல் நிலத்தோடு இணைந்தது. பல கப்பல்களில் இரண்டு கம்பிகளிலும் மின்னழுத்தம் உண்டு, எதுவும் கப்பலின் உடலோடு இணைக்கப்படுவதில்லை. வீட்டுக்காகச் செய்த மின்னெழுச்சித் தடுப்பு அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது. இவ்வளவையும் நான்கு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் தடைப்பட்டியலில் காரணம் சொல்லும் வழக்கமே கிடையாது. யூஎஸ்பி சார்ஜரைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிக்கின்றன என்ற உபயோகமான தகவலும் எங்கோ ஓர் ஓரத்தில்தான் கிடக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு ஒத்திகையின் வடிவமும் மாறியது. முன்பு எல்லோரையும் ஒரே நேரத்தில் தளத்தில் நிறுத்திவைத்து விளக்குவார்கள். 2020இல் ராயல் கரீபியன் அறிமுகப்படுத்திய முறையில், பயணி போனிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்க்கிறார், தனக்குரிய இடத்துக்கு நடந்துபோய் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு வந்துவிடுகிறார். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வெயிலில் கைக்குழந்தையோடும் முழங்கால் வலியோடும் நிற்க வேண்டியதில்லை என்பது உண்மையான நன்மை. கூட்டத்தில் காதில் விழாததை வீடியோவில் தெளிவாகக் கேட்கலாம் என்பதும் சரிதான். ஆனால் நெருக்கடியில் ஆளைத் திணறடிப்பது படிக்கட்டுக் கூட்டம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் லிஃப்ட் இல்லாமல் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதை இந்தப் புதிய ஒத்திகையில் பயணியும் உணர்வதில்லை, ஊழியரும் முழுக் கூட்டத்தை வைத்துப் பழகுவதில்லை. வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பெட்டியைப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். வசதிக்காகக் கொஞ்சம் பாதுகாப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. குழந்தைகளைச் சிறுவர் கிளப்பில் விட்டுவிட்டுப் போகிற பெற்றோர் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: சங்கு ஊதினால் பிள்ளையை நான் போய் அழைக்க வேண்டுமா, ஊழியர்களே மஸ்டர் இடத்துக்குக் கூட்டிவருவார்களா?

சுகாதார விதிகளில் இரண்டு குடும்பங்களும் நேரடியாக மோதிக்கொள்கின்றன. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுப் பயணக் கப்பல்களை, அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 1970களிலிருந்து முன்னறிவிப்பின்றிச் சோதித்து, நூற்றுக்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி. நாம் சாப்பிடப் போகும் எத்தனை ஓட்டல்களுக்கு இப்படி மதிப்பெண் பார்க்க முடியும்? இவ்வளவு கண்காணிப்பிலும் நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு கப்பலைவிட்டுப் போகவில்லை. பஃபே வாசலில் கையில் பீய்ச்சும் ஆல்கஹால் சானிடைசர் அந்த வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும்தான் கேட்கும். நோய் கண்டவர் உடனே மருத்துவ அறைக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் கேபினுக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள், மருத்துவரைப் பார்த்த கட்டணம் டாலரில் கணக்கில் ஏறும். கட்டிய பணத்துக்கு ஒரு நாளும் வீணாகக் கூடாது என்று நினைக்கிற குடும்பத் தலைவர் என்ன செய்வார்? மாத்திரையை விழுங்கிவிட்டு பஃபேக்கே போவார். சில நிறுவனங்கள் இந்த ஒரு நோய்க்கு மட்டும் கட்டணம் வாங்குவதில்லை. எல்லா நிறுவனங்களும் அதைச் செய்தால், எத்தனை எச்சரிக்கைப் பலகைகளைவிடவும் அது பயன்படும்.

இனி கல்லாவுக்கு வருவோம். கப்பலில் நோட்டு செல்லாது. கேபின் அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறும். ஏறும்போதே வங்கி அட்டையில் ஒரு தொகையைப் பிடித்துவைக்கிறார்கள். டெபிட் அட்டை கொடுத்திருந்தால் நம் சொந்தப் பணமே சில நாட்கள் கைக்கெட்டாமல் நிற்கும். குடிப்பவர்களுக்கான மொத்த பேக்கேஜ் இன்னொன்று. பல நிறுவனங்களில் ஒரே கேபினிலுள்ள பெரியவர் ஒருவர் எடுத்தால் மற்றவரும் எடுத்தாக வேண்டும். கணவர் பியர் குடிக்க, வாயில் ஒரு சொட்டும் வைக்காத மனைவியும் பணம் கட்டுகிறார். பகிர்ந்து குடிப்பதைத் தடுக்கத்தான் இந்த விதி என்பார்கள். அட்டைக் கணக்கோடு பயணியின் புகைப்படம் இணைந்திருக்கும்போது அந்தச் சமாதானம் பலவீனமானது.

டிப்ஸ் விஷயம் இதைவிடச் சிக்கலானது. அமெரிக்க நிறுவனங்கள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தாமாகவே கணக்கில் சேர்க்கின்றன. குழந்தைக்கும் பெரும்பாலும் அதே தொகை. நால்வர் குடும்பத்துக்கு நான்கு இரவுக்கு 256 முதல் 320 டாலர். இது விளம்பரக் கட்டணத்தில் வராது. சில நிறுவனங்களில் கவுன்ட்டரில் கேட்டு நீக்கலாம், சிலவற்றில் முடியாது. நீக்கிவிடுங்கள் என்று சாமர்த்தியம் சொல்லிக்கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணம் போவது பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வந்து, விடுமுறை நாளே இல்லாமல் வேலை செய்யும் கேபின் ஊழியருக்கும் பரிமாறுபவருக்கும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு என்கிறது; அந்த அளவிலேயே எவ்வளவு வேலை அடங்கும் என்பது விளங்கும். தவறு வேறிடத்தில் இருக்கிறது. முதலாளி தர வேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பயணியின் பெருந்தன்மை என்று பெயர் மாற்றி வசூலிக்கிறார்கள். டிக்கெட் மலிவாகத் தெரிகிறது. கறாரான பயணி ஊழியரின் வயிற்றில் அடிக்கிறார். நிறுவனத்துக்கு இரண்டிலும் நோவில்லை.

சாப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கெந்திங் ட்ரீம் போன்ற கப்பல்களில் இந்திய சைவமும் ஜைன உணவும் கிடைக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இன்னும் கவனிப்பார்கள். ஆவணங்களில்தான் நம்மவர்கள் அடிக்கடி இடறுகிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, வேறு நாட்டைத் தொட்டு, மறுபடி சிங்கப்பூரில் இறங்குவது அந்நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைவதாகும். விசா அதற்கு இடம்தர வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். கர்ப்பம் 24 வாரத்தை எட்டிவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் இடமில்லை. இவை துறைமுக கவுன்ட்டரில் தெரியவந்தால் பணம் போனது போனதுதான். கடலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிச்செல்லும் செலவையும் சேர்க்கிற பயணக் காப்பீடு இல்லாமல் வயதான பெற்றோரை அழைத்துப்போவது துணிச்சல் என்பதைவிடக் கவனக்குறைவு.

நேர விதி கறாரானது. ஒரு பக்கம் மட்டுமே கறாரானது. 2024 மார்ச்சில் நார்வீஜியன் டான் கப்பலின் பயணிகள் எட்டுப் பேர் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலா போய்த் தாமதமாகத் திரும்பினார்கள். நங்கூரமிட்டு நின்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது. அவர்கள் ஆப்பிரிக்கக் கரையோரமாகத் துரத்தித் துரத்தி, கடைசியில் செனகலின் டக்காரில் ஏறினார்கள். இடையில் காம்பியாவில் பிடித்துவிடலாம் என்று போனால், கடல்நிலை சரியில்லை என்று கப்பல் அங்கே வரவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களை எட்டுப் பேருக்காகக் காத்திருக்கவைக்க முடியாது என்பதில் நியாயமுண்டு. கப்பலே விற்கும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் மட்டும் கப்பல் காத்திருக்கும். பாதுகாப்பு, துறைமுகக் கட்டணம், அடுத்த ஊரின் நேரம் என்று சொல்லப்படும் காரணங்கள் அப்போது வழிவிடுகின்றன. துறைமுகத்தையே தவறவிடுவது கப்பலாக இருந்தால் அந்த ஊருக்கான துறைமுகக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வேறொன்றும் தர வேண்டியதில்லை என்று ஒப்பந்தம் சொல்லும். 2013 பிப்ரவரியில் கார்னிவல் ட்ரையம்ஃப், எஞ்சின் அறையில் தீப்பிடித்து மெக்ஸிகோ வளைகுடாவில் மின்சாரமும் கழிப்பறையும் இல்லாமல் மிதந்தது. அதற்குப் பிறகு அதே ஆண்டு கப்பல் நிறுவனச் சங்கம் பயணியர் உரிமைப் பட்டியல் ஒன்றை ஏற்றது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணமும் உண்டு. வானிலை காரணமாகத் தவறிய துறைமுகத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

கப்பல் நிறுவனம் பயணியோடு போடும் ஒப்பந்தம் எவ்வளவு பலமானது என்பதை 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி உள்ளூர் ஏஜென்ட் மூலம் பணம் கட்டினார்கள். அது மயாமியில் உள்ள கார்னிவல் தலைமையகத்துக்குப் போய், பிறகுதான் அச்சடித்த டிக்கெட் வீட்டுக்கு வந்தது. வழக்கு எதுவானாலும் ஃபுளோரிடாவில்தான் என்பது அதில் இருந்த ஒரு வரி. மெக்ஸிகோ கடலில் அந்த மனைவி வழுக்கி விழுந்து அடிபட்டார். சொந்த ஊரில் தொடுத்த வழக்கு அந்த ஒரு வரியால் நிற்கவில்லை. எங்கு வேண்டுமானாலும் வழக்கு வரலாம் என்ற நிலை இல்லாததால் டிக்கெட் விலை குறைகிறது, பயணிக்கும் அதில் லாபம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மயாமியிலிருந்து நிர்வகிக்கப்படும் ராயல் கரீபியன் லைபீரியாவில் பதிவான நிறுவனம், அதன் கப்பல்கள் பறக்கவிடுவது பெரும்பாலும் பஹாமாஸ் கொடி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மதுரையிலிருந்து போகும் பயணி எந்த நாட்டு நீதிமன்றக் கதவைத் தட்டுவார்?

அந்தத் தம்பதிக்காவது டிக்கெட் தபாலில் கைக்கு வந்தது. இப்போது நிபந்தனைகள் எல்லாம் இணையத்தில், முன்கூட்டியே, யாரும் படிக்கும்படி இருக்கின்றன. நிறுவனங்கள் அதைப் பெருமையாகவே சொல்லும். ஆனால் குழுவாகப் போகிற நம் பயணிகளுக்குப் பெயர் பதிவதும் பாஸ்போர்ட் எண் ஏற்றுவதும் ஏஜென்ட் அலுவலகத்துப் பையன். ‘படித்து ஏற்றுக்கொண்டேன்’ என்ற கட்டத்தில் நாற்பது பேருக்கும் சேர்த்து டிக் போடுவதும் அவன்தான்.