‘சடக்கு’: ஒரு வட்டாரச் சொல்லின் பொருளும் பிறப்பும்

மலேசியத் தோட்டப்புறத் தமிழில் சாலையைக் குறிக்க வழங்கும் சொல் ‘சடக்கு’. ‘செம்மண் சடக்கு’, ‘தார்ச்சடக்கு’, ‘சடக்கோரம்’ எனப் பேச்சிலும் இந்நாட்டுச் சிறுகதைகளிலும் இதனைக் காண்கிறோம். மாணவர் கட்டுரையில் இச்சொல் வருமாயின், அதனைப் பிழையெனச் சுழித்துச் ‘சாலை’ எனத் திருத்துவாருளர். அத்திருத்தம் எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

விரைவுக்குறிப்பாகிய ‘சடக்கென’ என்பதனோடு இச்சொல்லை இணைத்து, விரைந்து செல்ல உதவும் வழி சடக்காயிற்று எனப் பொருள் கூற முற்படலாம். ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்ளும் அவ்விளக்கம் ஏற்புடையதன்று. ‘திடுக்கென’, ‘வெடுக்கென’ போன்ற குறிப்புச்சொற்கள் வினைக்கு அடையாய் நிற்பனவேயன்றி இடப்பெயராவதில்லை. மலாய்ச் சொல்லெனக் கொள்ளவும் இடமில்லை. மலாயில் சாலைக்குரிய சொல் ‘ஜாலான்’ ஆகும்.

இந்தியிலும் உருதுவிலும் சாலையைக் குறிக்கும் ‘சடக்’ என்பதே இதன் மூலம் எனலாம். பொருளில் மாற்றமில்லை. வடிவ மாற்றமும் தமிழியல்புக்கு உட்பட்டதே. வல்லின மெய் தமிழில் சொல்லிறுதியில் நில்லாதாகலின், ஒற்று இரட்டித்து உகரம் பெற்றது. ‘செக்’ என்பது ‘செக்கு’ எனவும், ‘கப்’ என்பது ‘கப்பு’ எனவும் பேச்சில் வழங்குதல் ஒப்புநோக்கத்தக்கது.

இந்திச் சொல் இங்குள்ள தமிழர் நாவில் பயின்றதற்கு வரலாற்றுச் சூழலும் துணைநிற்கிறது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய ஆட்சியின்கீழ் இருந்தன. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த கைதிகள் சாலைப் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். பின்னர்த் தீபகற்பத்தின் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் அமைத்ததில் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. பன்மொழியினர் கூடி உழைத்த அத்தகைய பணிக்களத்தில் இச்சொல் வேரூன்றியிருக்கலாம். தக்கணி உருதுவின் வழியாகத் தாயகத்திலேயே தமிழிற் புகுந்து கடல் கடந்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும், இது உழைப்போர் வழக்கில் நிலைபெற்ற சொல்.

தூய்மை கருதி இதனை விலக்குவதும் வலுவான வாதமன்று. ‘பாடசாலை’, ‘தொழிற்சாலை’ என்பவற்றில் கூடத்தைக் குறிக்கும் ‘சாலை’யையே ‘சாலா’ என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்துவாரும் உளர். அதற்குத் தமிழ்வேர் காட்டுவாரும் உளர்.

பொதுக் கட்டுரைக்குச் ‘சாலை’யே ஏற்றது என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆயினும், கதையில் தோட்டத்து மாந்தர் பேசுமிடத்துச் ‘சடக்கு’ பிழையன்று. அதுவே பொருத்தமான சொல். தோட்டங்கள் மறைந்துவரும் இக்காலத்தில், சிவப்பு மையால் அதனைச் சுழிப்பதைவிட, ‘வட்டார வழக்கு’ என ஓரத்தில் குறித்து அதன் வரலாற்றை மாணவர்க்கு உணர்த்துவதே ஆசிரியர் கடன் என்பது நம் துணிபு.