தையலில்லா வாக்குறுதி

‘தையல் இல்லை, ஊசி இல்லை, கட்டு இல்லை.’ தமிழ்நாட்டின் கண் மருத்துவமனை விளம்பரங்களில் இந்த மூன்று ‘இல்லை’களைப் பார்க்காதவர் குறைவு. பின்னிரண்டோடு எனக்கு வழக்கில்லை. முதலாவதோடு உண்டு, அதுவும் நெடுநாளாக.

நன்மைகளை மறுப்பதற்கில்லை. கண்புரையை எடுக்கப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் திறந்து சுற்றிலும் தைத்த காலத்தில் பார்வை கோணிப்போகும், இழை உறுத்தும், தளர்ந்த தையலே சீழுக்கு வழிவிடும். புரையை ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோவும் மடக்கிச் செலுத்தும் லென்ஸும் வெட்டை மூன்று மில்லிமீட்டருக்குள் அடக்கின. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் ஏழைகளுக்குப் பெருமளவில் செய்யப்படும் சிறுவெட்டு முறையில், வெள்விழிக்குள் சாய்வாகச் செல்லும் சுரங்கம் தானே அடைத்துக்கொள்கிறது. அது நம்பத்தக்க வெட்டுவாய்.

என் குறையெல்லாம் கருவிழியிலேயே போடும் வெட்டின்மேல். 1990களில் பரவிய இம்முறையில் வெட்டைப் போர்த்த மேற்சவ்வு இல்லை; ரத்தக்குழாய் இல்லாத இடம் என்பதால் ஆறவும் நாளாகும். கடைசியில் வெட்டின் ஓரங்களில் உப்புநீரை ஏற்றி, அந்த வீக்கத்தால் வாயை மூடுகிறார்கள். வீக்கம் வடிந்து, கண்ணின் உள்ளழுத்தமும் தாழ்ந்தால், உதடுகள் விலகும். 2003இல் கண் மருத்துவர் மெக்டொனலின் குழுவினர் ஆய்வுக்கூடக் கண்களில் இதைக் காட்டினார்கள்: மேலே விட்ட மை வெட்டுக்குள் புகுந்திருந்தது. மை புகும் வழியில் கிருமி புகாதா? 1992 முதல் 2003 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்தபோது, கருவிழி வெட்டில் உட்கண் சீழ்த்தொற்று 0.189 விழுக்காடு, வெள்விழிச் சுரங்கத்தில் 0.074.

‘இப்போதுதான் ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் விடுகிறோமே’ என்பது வழக்கமான பதில். அதனால் தொற்று வெகுவாகக் குறைந்தது உண்மை. 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அதை நிலைநாட்டியது. ஆனால் மருந்து கிருமியைக் கொல்லும், வாயை மூடாது. கசிவு இருந்தால் மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் போதும்: சாயத்தை அரித்துக்கொண்டு ஒரு மெல்லிய ஓடை இறங்குவது தெரியும். சில கண்களில் ஐரிஸே வெட்டுக்குள் சிக்கி, வட்டமான கண்மணி கண்ணீர்த்துளி வடிவில் இழுபட்டிருக்கும். எந்த ஆன்டிபயாடிக் அதை உள்ளே தள்ளும்?

இதற்கு மாற்று, தலைமுடியைவிட மெல்லிய ஒற்றை நைலான் இழை. போட ஓரிரு நிமிடம். சில வாரங்களில் எடுத்துவிடலாம். ஃபேகோ முனையின் சூட்டில் வெட்டு வெந்துபோனவருக்கும், லென்ஸ் பை கிழிந்தவருக்கும், கண்ணைக் கசக்காமல் இருக்க முடியாத முதியவருக்கும் அது வேண்டும். ஆனால் ‘தையல் இல்லை’ என்று முன்கூட்டியே விற்றாகிவிட்டது. தைத்தால், ‘ஏதாவது தப்பாயிடுச்சா டாக்டர்?’ என்று உறவினர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தயங்கும் கை ஊசியை எடுக்காது. அறுவை மேசையில், வெட்டை அழுத்திப் பார்த்து எடுக்கவேண்டிய முடிவை விளம்பரம் எடுத்துவிடுகிறது. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. நோயாளியும் தனக்குக் காயமே இல்லை என்று நம்பி மறுநாளே தலைக்குக் குளிக்கிறார்.

லென்ஸின் பெயரையும் பவரையும் ஒட்டித் தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் இரண்டு வரி வேண்டும்: வெட்டு கசிகிறதா என்று சோதிக்கப்பட்டதா, தையல் போடப்பட்டதா.