தேய்வதற்கென்றே ஒரு பாகம்: மலையகத்துப் பழைய வண்டிகளின் ஸ்பிரிங் புஷ்

பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் கண் போன்ற வளையம் இருக்கும். அந்தக் கண்ணுக்கும் அதனூடே செல்லும் போல்டுக்கும் இடையில் அடைக்கப்படும் ரப்பர் உருளையே புஷ். ஸ்பிரிங் வளைந்து நிமிரும்போது எழும் முறுக்கையும் அதிர்வையும் அது வாங்கிக்கொள்கிறது. 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனரின் பின் அச்சைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் மட்டுமே. அதே ஆண்டு வந்த லேண்ட் ரோவருக்கு நான்கு சக்கரங்களிலும் பட்டை ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளுக்கான சேசிஸ் துளைகளிலும் புஷ் உண்டு என்பதால், மொத்தம் 12. துரைமார் காலத்து இவ்வகை வண்டிகள் நுவரெலியா, ஹட்டன் பக்கம் இன்னும் ஓடுவதற்குப் பற்று மட்டும் காரணமல்ல. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடும், 2020இல் தொடங்கி ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நீடித்த வாகன இறக்குமதித் தடையும் பழையதைப் பழுதுபார்த்தே ஓட்டவைத்தன.

புஷ் தேய்ந்ததை முதலில் காதுதான் அறியும். கல் பாவிய தோட்டப் பாதையில் பின்பக்கம் 'டொக்' என்று இடிக்கும். கிளட்சை விடும்போதும் அதே ஓசை வரும். ஓசையைவிட மோசமானது அச்சின் நகர்வு. முன்கண் புஷ் தளர்ந்தால் அச்சு முன்னும் பின்னும் அலைந்து, ரம்பொடை போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வண்டி பின்னாலிருந்து திரும்புவது போல் இருக்கும். அலவாங்கு நுனியைக் கண்ணுக்கும் தாங்கிக்கும் நடுவில் விட்டு மெல்ல நெம்பினால் உண்மை தெரிந்துவிடும்: நசுங்கி முட்டை வடிவமான ரப்பர், போல்டைச் சுற்றிச் செந்துருத் தூள்.

மாற்றும் வேலையில் கராஜுக்கு கராஜ் வழக்கம் வேறுபடும். அசல் அளவில் ரப்பர் புஷ் கிடைக்காதபோது லேத் பட்டறையில் நைலோனிலோ பித்தளையிலோ கடைந்து போடுவது ஒரு வழி. செலவு குறைவு, ஒரே நாளில் வண்டி ஓடும், அளவும் கச்சிதமாக அமையும். அவசரத்துக்கு இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புஷ் என்பதே தேய்வதற்காக வைக்கப்பட்ட மலிவான பாகம். அதைக் கடினமாக்கினால் தேய்வு நின்றுவிடாது, இடம் மாறும். போல்ட், ஷேக்கிள், கடைசியில் சேசிஸின் துளை என்று விலை கூடிய பாகங்களை அது தின்னத் தொடங்கும். ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் பக்கவாட்டில் முறுகவும் வேண்டும். பித்தளை அதற்கு இடம் கொடுக்காது.

பொலியூரித்தேன் புஷ் இடைப்பட்டது. எண்ணெய்க்கு ஊறாது, இரு பாதிகளாக வருவதால் கையாலேயே ஏற்றலாம். சிலிக்கோன் கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும். அதிர்வையும் ரப்பரைவிட அதிகமாகக் கடத்தும். நல்ல தார் வீதிக்குப் பொருந்துவது, கல் பாதைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 1876இலேயே ஹெனரத்கொடையில் ரப்பர் கன்று நட்ட நாட்டில் நல்ல ரப்பர் புஷ்ஷுக்குத் தட்டுப்பாடு என்பது வேடிக்கைதான்.

லேண்ட் ரோவரில் சிரமம் கழற்றுவதில். அதன் புஷ்ஷில் ரப்பர், உள்ளும் புறமுமாக இரண்டு இரும்புக் குழாய்களோடு ஒட்டியிருக்கும். மலையகத்து ஈரத்தில் போல்ட் உள்குழாயோடும், வெளிக்குழாய் சேசிஸோடும் துருவால் இறுகிவிடும். சம்மட்டியால் அடித்தே எடுக்கும் பழக்கம் உளுத்த சேசிஸைக் கிழித்துவிடக்கூடும். ரப்பரைத் துளைத்து அகற்றி, வாள் அலகை உள்ளே விட்டு வெளிக்குழாயை நீளவாக்கில் அறுத்து, உள்நோக்கி மடித்து உருவுவது மெதுவான வேலை. சேசிஸுக்குப் பாதுகாப்பானதும் அதுவே.

பரவலான தவறு கடைசி நிமிடத்தில் நடக்கிறது. வண்டி தூக்கி நிற்கும்போதே நட்டுகளை முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். அப்போது ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி கீழிறங்கிப் பாரம் ஏறியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும், விரைவில் கிழியும். பழி 'உள்ளூர்ச் சாமான்' மேல் விழும். நட்டைத் தளர்வாகப் பூட்டி, வண்டியைச் சமதரையில் சக்கரங்களில் இறக்கி, இரண்டு முறை அமுக்கிவிட்டுப் பிறகுதான் இறுக்க வேண்டும். இதற்குக் கூடுதலாகப் பிடிப்பது பத்து நிமிடம். புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை.