குரலும் மூச்சும்: அலிகேட்ஸ் பாடல்களை இழப்பற்ற ஒலிவடிவில் கேட்டல்

தமிழ்த் திறனாய்வு பாட்டைப் பெரும்பாலும் எழுத்தாகவே அணுகி வந்துள்ளது. திரைப்பாடலை ஆராய்வோரும் உவமை, எதுகை, கருத்து என்பவற்றோடு நின்றுவிடுகின்றனர். பாடியவரின் குரல் 'இனிமை' என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது. நம் நாட்டுத் தமிழர் பிறமொழியில் பாடியவையோ ஆய்வெல்லைக்குள் வருவதே அரிது. பினாங்கைச் சேர்ந்த லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் ஆகிய உடன்பிறந்தோரின் அலிகேட்ஸ் குழு இதற்குத் தக்க சான்று. 1970களின் இறுதியிலிருந்து மலாய் மெல்லிசையில் புகழ்பெற்ற இக்குழுவை பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆயினும் நம் இதழ்களில் அவர்தம் குரல் பற்றிய ஆய்வு காண்பது அரிதாகவே உள்ளது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலில் வேர்கொண்ட 'சோல்' இசையின் சாயல் இக்குரல்களில் உண்டு. இதனைக் கேட்டவுடன் 'கமகம்' என்று பெயரிட்டுவிடும் ஆர்வம் நம்மவரிடம் காணப்படுகிறது. இருக்கலாம், ஆனால் அதனை நிறுவுவதற்கு முதலில் குரல் முழுமையாகக் காதில் விழவேண்டும்.

இங்கேதான் ஒலிவடிவம் திறனாய்வுச் சிக்கலாகிறது. குறுந்தட்டு நொடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலியைப் பதிகிறது. இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். பரவலாகப் புழங்கிய 128 கிலோபிட் எம்.பி.3 கோப்பு அதில் பதினொன்றில் ஒரு பங்கே. செவி உணராது எனக் கணிக்கப்பட்டவை நீக்கப்படுகின்றன. உரத்த இசைக்கருவியின் அருகே ஒலிக்கும் மெல்லிய மூச்சும், உரசொலிகளின் கூர்மையும் முதலில் மங்கும். 2001இல் வெளிவந்த ஃபிளாக் போன்ற இழப்பற்ற வடிவங்கள் கோப்பின் அளவைச் சுருக்கினாலும் எதனையும் நீக்குவதில்லை.

மூச்சு அற்பமானதன்று. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் துணையால் எழுத்தொலியாவதை விளக்குகிறது. குரலை உடலின் தொழிலாகக் காணும் இப்பார்வையைப் பாடகர் ஆய்வுக்கு நாம் இன்னும் பயன்கொள்ளவில்லை.

'அண்டாய்ஞா ஆக்கு பெர்கி டூலு' பாடலைச் சான்றாகக் கொள்வோம். 'நான் முன்னே சென்றுவிட்டால்' என்பது அத்தலைப்பின் பொருள். 2007இல் லோகநாதன் மறைந்தபின் பலர் அதனைத் தீர்க்கதரிசனமாகக் கேட்கலாயினர். அது இயல்பே, எனினும் பாடலின் சிறப்பு அங்கில்லை. இழப்பற்ற பதிவில் கேட்கும்போது, குரல் உருகிக் கரையாமல் தன்னை அடக்கிக்கொள்வதே வியப்பளிக்கிறது. அடிகளுக்கிடையே மூச்சு அளவோடு எடுக்கப்படுகிறது. அழுகையின் நடிப்பு இல்லை. உருக்கம் என்பது குரலை நடுங்கச் செய்வது என நம்பும் இன்றைய மேடைப்பாடகர் பலர் இதனைக் கேட்பது நலம். எம்.பி.3 கோப்பில் இவ்வடக்கம் வெறும் தட்டையாகவே தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'இழப்பற்றது' என்பது மூலத்திலுள்ளதைக் காப்பதன்றி இல்லாததைத் தருவதன்று. தெரிவுப்பாடல் தொகுப்புகளுக்காகப் பழைய பதிவுகளைச் செப்பம் செய்வோர் எல்லா ஒலியையும் ஒரே உரப்பிற்கு உயர்த்திவிடுவதுண்டு. அவ்வாறாயின் மென்மைக்கும் உரப்பிற்கும் இடையிலான வேறுபாடு பதிவிலேயே அழிந்துவிடும். ஃபிளாக் அவ்வழிவைப் பிழையின்றிக் காத்துத் தரும். நல்ல நிலையிலுள்ள பழைய இசைத்தட்டிலிருந்து கவனமாக எடுத்த பதிவு அதனினும் மேலானது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளில் அத்தகைய தட்டுகள் இன்னும் கிடைக்கக்கூடும். பூஞ்சை படருமுன் அவற்றைத் தேடிப் பதிவுசெய்யும் பணியை மாணவர் ஆய்வேடுகளிலிருந்தே தொடங்கலாம்.