ஒலிபெயர்ப்பும் செரிஃப் எழுத்துருத் தேர்வும்

ஆங்கிலத்தில் எழுதப்பெறும் தமிழாய்வுகளை லேடெக்கில் அச்சுக்கோக்கும்போது செரிஃப் எழுத்துருவை அழகு ஒன்றே கருதித் தேர்வது நம் துறைக்குப் போதாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறையில் ழகர, றகர, னகரங்கள் உரோமன் எழுத்தின் கீழிடும் கோட்டால் குறிக்கப்பெறுகின்றன. டொனால்டு நூத் வடிவமைத்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் இவை தனி வடிவங்களாக இல்லை. ஆகவே லேடெக் எழுத்தையும் கோட்டையும் தனித்தனியே எடுத்து அடுக்குகிறது. தாளில் குறை தோன்றாது. பிடிஎஃப் கோப்பிலோ கோடு பிரிந்து நிற்பதால், 'சோழர்', 'கம்பன்' என்பவற்றை உரோமன் வடிவில் தேடுவோர்க்கு அவை கிட்டாமற்போகும். வரியிறுதியில் சொல் முறையாகப் பிரிவதும் தடைப்படும்.

ஒருங்குறியில் இம்மூன்று உரோமன் வடிவங்களுக்கும் தனிக் குறியீடுகள் உள்ளன. எனவே ஸீடெக் அல்லது லுவாடெக் வழியே, ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பைக் கொண்டு, அவ்வடிவங்களையுடைய லிபர்டினஸ் போன்ற செரிஃப் எழுத்துருவை அழைப்பதே தக்கது. லிபர்டினஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழ் மேற்கோள்களுக்கு வேறோர் எழுத்துருவைத் தனியே அறிவித்தல் வேண்டும்.

நூலகங்களில் ஆய்வுகள் தேடல் வழியே கண்டெடுக்கப்பெறும் இக்காலத்தில் இஃது ஒப்பனைச் சிக்கலன்று. பதிப்பாசிரியர் அச்சுக்கு முன் ஒரு தமிழ்ப் பெயரின் உரோமன் வடிவத்தைக் கோப்பில் தேடிப் பார்த்தலே போதிய சோதனையாகும்.