'ஃபாஸ்ட்டா வா': ஒரு சொல்லின் வரவும் செலவும்

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. சீதையின் அலறல் கேட்டு விரைந்து வந்து உயிர்விட்ட சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். புள்ளுக்குக் குழி வெட்டிய ஊர், புட்குழி. விசயராகவப் பெருமாள் கோயில் கொண்ட இத்தலத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். இளம் இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான். உபநிடதத்தில் வரும் 'கப்யாஸம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஆசிரியரும் மாணவரும் முரண்பட்டதைக் குருபரம்பரை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதாடிய ஊரின் பேருந்து நிறுத்தத்தில் இன்று நின்றால், "ஃபாஸ்ட்டா ஏறு", "ஃபாஸ்ட்டா வா" என்ற குரல்கள்தாம் காதில் விழும். தமிழ்நாட்டில் எந்த ஊரில் நின்றாலும் இதே கதைதான். இந்த ஆங்கில உரிச்சொல் நம் வாக்கியங்களுக்குள் வந்ததால் என்ன பெற்றோம், என்ன இழந்தோம் என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

முதலில் வரவு. 'ஃபாஸ்ட்' தமிழின் இலக்கணத்துக்கு அடங்கியே வந்திருக்கிறது. அழகு 'அழகா' ஆவதைப்போல இதுவும் 'ஆக' விகுதியின் பேச்சு வடிவத்தை ஏற்று 'ஃபாஸ்ட்டா' ஆகிறது. 'ஃபாஸ்ட்டான வண்டி' என்று பெயரடையாகவும் நிற்கிறது. வாக்கியத்தின் எலும்புக்கூடு தமிழாகவே இருக்கிறது. இரண்டாவது, புதிய பொருள்களோடு பிறந்த பெயர்களில் இச்சொல்லுக்கு இடம் உண்டு. சுங்கச்சாவடியில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாகிவிட்ட ஃபாஸ்டேக்கை வேறு பெயரால் கேட்டால் யாருக்கும் புரியாது. 'ஃபாஸ்ட் சார்ஜர்' கடையில் கேட்கும் பெயர். இவற்றில் குறை காண ஒன்றுமில்லை.

அயற்சொல் என்பதற்காக மட்டும் இதை விலக்குவதும் நேர்மையாகாது. நாம் தமிழ் என்று எண்ணிப் புழங்கும் வேகம், சீக்கிரம், துரிதம் மூன்றும் வடமொழியிலிருந்து வந்தவை. சென்னைப் பேச்சின் 'ஜல்தி' இந்தியிலிருந்து வந்தது. ஈழத்தவரின் 'கெதியா'வுக்கும் வடமொழி 'கதி'தான் வேர். வடசொல்லைச் செய்யுட்சொற்களில் ஒருவகையாகவே எண்ணியவர் தொல்காப்பியர். ஆக, எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த பிறகு என்ன செய்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

செலவு அங்கேதான் தொடங்குகிறது. 'சீக்கிரம் வா' என்றால் நேரத்தோடு வர வேண்டும். 'வேகமா வா' என்றால் நடையை எட்டிப் போட வேண்டும். 'உடனே வா' என்றால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். 'சட்டுனு வா' என்பதில் யோசிக்கவும் இடமில்லை. 'ஃபாஸ்ட்டா வா' இந்த நான்கில் எது? கேட்பவர் சூழலைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்பு சொல்லே செய்த வேலை இது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒலிக்குறிப்புச் சொற்களில் நேர்கிறது. தண்ணீரை மடமடவெனக் குடிக்கிறோம், விறுவிறுவென நடக்கிறோம், கிடுகிடுவென மரமேறுகிறோம். பாம்பு சரசரவென ஓடுகிறது. தீ மளமளவெனப் பரவுகிறது. ஒவ்வொன்றிலும் தொண்டையும் காலும் கிளையும் சருகும் கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் 'ஃபாஸ்ட்டா' என்று போட்டுப் பாருங்கள்: விரைவு மட்டும் மிஞ்சும், காட்சி போய்விடும்.

விரைவை உணர்த்தத் தமிழுக்குத் தனிச்சொல்கூட எப்போதும் தேவைப்பட்டதில்லை. கூப்பிட்டதும் "இதோ வந்துட்டேன்" என்கிறோமே, அப்போது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. இனி நடக்கப்போவதை விரைவு கருதி இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. அவசரத்தில் சொல்லை அடுக்கும்போது மூன்று முறை வரை அடுக்கலாம் என்பதும் அந்நூலில் உண்டு. 'ஓடு ஓடு ஓடு' என்று கத்துகிறவர் அறியாமலே அந்த வரம்புக்குள் நிற்கிறார். கதழ்வு, துனைவு என்ற உரிச்சொற்களுக்கு விரைவு என்று பொருள் கூறுவதும் அதே நூல்தான். அவை வழக்கிழந்தன; பரவாயில்லை. ஆனால் ஆண்டாள் திருப்பாவையில் விரைவைக் குறிக்க வைத்த 'ஒல்லை' இன்றும் ஒவ்வொரு மார்கழிப் பதினைந்தாம் நாளும் பெருமாள் கோயில்களில் ஒலிக்கிறது. வாயால் ஓதுகிற சொல் வாழ்க்கைக்கு வராமல் நிற்பது வருத்தம் தருகிறது.

ஆங்கிலத்திலேயே 'ஃபாஸ்ட்' ஒற்றைப் பொருள் உடையதல்ல. அதன் பழைய பொருள் 'உறுதியான, அசையாத' என்பது. விரைவு என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. காஞ்சிப் பட்டுக்கடையில் "இது ஃபாஸ்ட் கலர்" என்றால் சாயம் போகாது, நிலைத்து நிற்கும் என்று பொருள். அந்த மொழிக்காரர் ஒரு சொல்லில் இரு பொருளையும் வைத்து ஆள்கிறார்கள். நாமோ அதில் ஒரு பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக நம் சொற்கள் பலவற்றைக் கொடுத்துவிடுகிறோம். கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் தனித்தனியே என்று மூன்று நாடா ஓட்டுகிற நெசவாளியிடம் ஒரே நாடா போதும் என்றால் சேலை கிடைக்கும், கோர்வை கிடைக்காது.

மாற்றம் முடியாத காரியமும் அல்ல. 'ஃபாஸ்ட் பவுலர்' இருந்த இடத்தில் 'வேகப்பந்து வீச்சாளர்' இயல்பாக அமர்ந்துவிட்டார். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் 'விரைவு' தடையின்றி ஓடுகிறது. பழக்கத்தில் விட்டால் எந்தச் சொல்லும் நாவுக்கு வசப்படும்.

என் முடிவு இதுதான்: பொருளின் பெயரோடு ஒட்டிவரும் 'ஃபாஸ்ட்' இருக்கட்டும். வீட்டுக்குள், குறிப்பாகக் குழந்தைகளோடு பேசும்போது, அது தேவையில்லை. பள்ளி வேன் வந்து நிற்கும் காலையில்தான் இந்தச் சொல்லை நாம் அதிகம் சொல்கிறோம். நாளை அந்த நேரத்தில் 'சீக்கிரம் குளி', 'மளமளன்னு சாப்பிடு', 'ஓடி வா' என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை அன்றும் அதே நேரத்துக்குத்தான் கிளம்பும்; ஆனால் மூன்று சொற்களோடு கிளம்பும்.